காரின் சத்தம்: ‘எங்கே’ என்பதற்கு முன் ‘எப்போது’

காரில் புதிதாக ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியவுடன் எவரும் முதலில் தேடுவது அது எந்த மூலையிலிருந்து வருகிறது என்பதைத்தான். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடி அதற்குச் சரியான விடை காண்பது மிகக் கடினம். முன்சக்கரத்தில் ஏதோ தட்டுகிறது என்று அடித்துச் சொல்லப்பட்ட சத்தம், இரண்டு மூன்று உதிரிபாகங்கள் மாற்றப்பட்ட பிறகு, டிக்கியில் சரியாக இறுக்கப்படாத ஜாக்கியின் வேலை என்று தெரியவருவது பணிமனைகளில் பழகிப்போன கதை. ஆகவே இந்தக் கட்டுரை வேறொரு கேள்வியை முன்னால் வைக்கிறது: சத்தம் எப்போது வருகிறது, எதைச் செய்தால் கூடுகிறது, எதைச் செய்தால் நின்றுவிடுகிறது? இடத்தைப் பற்றிக் காது சொல்லும் சாட்சி பல நேரம் பிசகும். நேரத்தைப் பற்றி அது சொல்லும் சாட்சி அவ்வளவு எளிதில் பிசகாது.

காது ஏன் ஏமாறுகிறது

ஓர் ஒலி இடப்பக்கமிருந்து வருகிறதா வலப்பக்கமிருந்து வருகிறதா என்பதை, அது இரு காதுகளையும் வந்தடையும் நேரத்தில் உள்ள நுண்ணிய வேறுபாட்டையும், இரு காதுகளிலும் அதன் வலிமையில் உள்ள வேறுபாட்டையும் ஒப்பிட்டு மூளை கணக்கிடுகிறது. திறந்தவெளியில் இந்தக் கணக்கு நன்றாகவே பலிக்கிறது. காரின் உள்ளறையோ கண்ணாடியும் தகடும் சூழ்ந்த ஒரு சிறிய பெட்டி. ஒரே தட்டல் நேராக ஒரு முறையும், கண்ணாடியிலும் கூரையிலும் பட்டுத் திரும்பிப் பல முறையும் காதுக்கு வருவதால் கணக்கு குழம்புகிறது. சுருதி தாழ்ந்த ஒலிகளில் நிலைமை இன்னும் மோசம். 100 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட முழக்கத்தின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர், பெரும்பாலான கார்களின் உள்ளறை அவ்வளவு நீளமில்லை. அத்தகைய ஒலி ஒரு திசையிலிருந்து வருவதாகத் தோன்றாமல் அறை முழுவதையும் நிரப்பிக்கொண்டு நிற்கும்.

இதைவிட முக்கியமான காரணம், காருக்குள் கேட்கும் ஒலிகள் இரண்டு வழிகளில் வருகின்றன என்பது. ஒன்று காற்று வழி: கதவின் ரப்பர் விளிம்பில் உள்ள இடுக்கின் வழியாக நுழையும் காற்றிரைச்சல் இதற்கு உதாரணம். மற்றொன்று உடல் வழி: சக்கரத்தருகே பிறக்கும் தட்டல், சக்கரத்தை வண்டியின் உடலோடு சேர்க்கும் சஸ்பென்ஷன் பொருத்தப்பட்ட இடத்தின் வழியாக வண்டியின் எஃகு உடலுக்குள் ஏறி, அங்கிருந்து எங்கோ ஒரு தகட்டை அதிரவைத்து, அந்தத் தகட்டிலிருந்து காதுக்கு வருகிறது. காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் ஒலி, எஃகில் விநாடிக்குச் சுமார் 5,000 மீட்டர் செல்லும். ஆகையால் தட்டல் பிறந்த கணத்திலேயே வண்டியின் உடல் முழுவதும் அது பரவிவிடுகிறது. முரசின் ஓரத்தில் கோல் விழுந்தாலும் ஒலி தோல் முழுவதிலிருந்தும் எழுவதைப் போல, பின்சக்கரத்தின் மூட்டில் பிறந்த தட்டல் ஓட்டுநரின் காலடியிலிருந்து வருவதாகத் தோன்றக்கூடும்.

சத்தத்துக்கு ஒரு பெயர் வைப்பது

வாகனப் பொறியியலில் இந்தத் துறை முழுவதற்கும் என்.வி.எச். என்று பெயர், ஓசை, அதிர்வு, கடுமை என்ற மூன்றுக்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துச் சுருக்கம் அது. பொறியாளர்கள் அளவுகோல்களோடு அணுகும் இந்த விஷயத்தில் தமிழ் பேசுபவருக்கு ஒரு வசதி உண்டு. கடகட, லொடலொட, நறநற, கிறீச், உர்ர் என்று ஒலிக்குறிப்புச் சொற்களுக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. பள்ளியில் இரட்டைக்கிளவி என்று மனப்பாடம் செய்தது மெக்கானிக்கின் முன்னால் நிற்கும்போது உண்மையிலேயே கைகொடுக்கும், ஏனென்றால் ஒவ்வொரு வகை ஒலிக்கும் பின்னால் ஒவ்வொரு வகை இயக்கம் இருக்கிறது.

‘டக்’ என்று ஒற்றையாக விழும் கனத்த தட்டல், இரண்டு உலோகப் பகுதிகளுக்கு இடையே இருக்கக்கூடாத ஓர் இடைவெளி உருவாகி, சுமை திசை மாறும்போது அந்த இடைவெளி சட்டென்று மூடிக்கொள்வதைக் குறிக்கிறது. தேய்ந்த மூட்டுகளின் குரல் இதுதான். ‘லொடலொட’ என்பது எடை குறைந்த ஒரு பொருள் பிடிமானம் தளர்ந்து அடுத்த பொருளை மீண்டும் மீண்டும் தட்டுவது. பெரும்பாலும் பிளாஸ்டிக், மெல்லிய தகடு, கம்பி இணைப்பு போன்றவை. ‘உர்ர்’ என்று நீளும் ஒலி சுழலும் ஏதோ ஒன்றிலிருந்து வருகிறது. ‘கிறீச்’ சற்று விளக்கத்துக்குரியது. இரண்டு பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று நகரும்போது உராய்வினால் முதலில் ஒட்டிக்கொள்கின்றன. விசை கூடியதும் சட்டென்று வழுக்குகின்றன. உடனே மறுபடியும் ஒட்டிக்கொள்கின்றன. இந்த ஒட்டலும் வழுக்கலும் விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை நிகழும்போது அது ஓர் ஒலியாகக் கேட்கிறது. வயலின் வில் கம்பியில் இசையை எழுப்புவதும் இதே முறையில்தான், காய்ந்த ரப்பர் புஷ் (இரண்டு பாகங்கள் சேருமிடத்தில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் உருளை) காதைக் கூசச் செய்வதும் இதே முறையில்தான்.

மூன்று கடிகாரங்கள்

ஓடும் காருக்குள் ஒன்றையொன்று சாராத மூன்று கடிகாரங்கள் இயங்குவதாக வைத்துக்கொள்ளலாம். சக்கரத்தின் சுழற்சி ஒன்று. எஞ்சினின் சுழற்சி மற்றொன்று. சாலையின் மேடுபள்ளம் மூன்றாவது. சத்தம் இவற்றில் எந்தக் கடிகாரத்தோடு சேர்ந்து துடிக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் சந்தேகப் பட்டியலில் பெரும்பகுதியை அடித்துவிடலாம்.

நடுத்தர அளவுள்ள ஒரு காரின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் உருளும். மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 20 மீட்டர். ஆகவே அந்த வேகத்தில் சக்கரம் விநாடிக்குப் பத்து முறை சுற்றுகிறது. டயரில் ஓரிடத்தில் வீக்கமோ, இடுக்கில் சிக்கிய கல்லோ இருந்தால் அது விநாடிக்குப் பத்து முறை தட்டும். வேகம் பாதியானால் தட்டலும் பாதியாகும். கியரை மாற்றினாலும் வேகம் மாறாதவரை இந்தத் தாளம் மாறாது. எஞ்சினின் தாளம் வேறு. நான்கு சிலிண்டர் கொண்ட நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு எரிதல்கள் நிகழ்வதால், நிமிடத்துக்கு 3,000 சுற்றில் விநாடிக்கு 100 எரிதல்கள். நின்ற நிலையில் நிமிடத்துக்கு 750 சுற்று என்றால் விநாடிக்கு 25. சைலன்சரின் வெப்பத் தடுப்புத் தகடு தளர்ந்திருந்தால், ஒரு குறிப்பிட்ட எஞ்சின் வேகத்தில் மட்டும் அது ‘ஜ்ஜ்’ என்று நடுங்கி, அதைத் தாண்டியதும் அடங்கிவிடும். அந்த வேகத்தின் துடிப்பும் தகட்டின் இயல்பான அதிர்வெண்ணும் அங்கே பொருந்திப்போவதே காரணம்.

இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிது. வண்டியை நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டு, நியூட்ரலில் எஞ்சினின் சுழற்சியை மெதுவாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். சத்தம் வந்தால் சக்கரமும் சஸ்பென்ஷனும் பெரும்பாலும் குற்றமற்றவை. வராவிட்டால், வெறிச்சோடிய நேரான சாலையில் சீரான வேகத்தில் செல்லும்போது கிளட்சை மிதித்து எஞ்சினைப் பிரித்துவிட்டுக் கேளுங்கள்; அப்போதும் சத்தம் அதே தாளத்தில் தொடர்ந்தால் அது சக்கரத்தின் பக்கம் சேர்ந்தது. ஓடும்போது எஞ்சினை அணைத்துச் சோதிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. பவர் ஸ்டீயரிங்கின் உதவியும் பிரேக்கின் உதவியும் போய்விடும், சாவியை முழுதாகத் திருப்பினால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளவும் கூடும் என்பதால் அதை ஒருபோதும் செய்யக் கூடாது.

மூன்றாவது கடிகாரமான சாலைக்குச் சீரான தாளமே இல்லை. மேட்டில் ஏறினால் சத்தம், ஏறாவிட்டால் அமைதி என்றால் முதன்மையாக சஸ்பென்ஷனும் உள்ளறையின் தளர்ந்த பொருள்களும் மிஞ்சுகின்றன. இனி அவற்றைத்தான் விரிவாகப் பார்க்க வேண்டும்.

சஸ்பென்ஷன் என்ன செய்கிறது, எங்கே தட்டுகிறது

சக்கரம் மேலும் கீழும் நகர வேண்டும். அதேசமயம் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசையாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டு எதிரெதிர்த் தேவைகளை நிறைவேற்றும் அமைப்பே சஸ்பென்ஷன். வண்டியின் எடையைச் சுருள்வில் தாங்குகிறது. வில் அமுங்கிய பிறகு துள்ளிக்கொண்டே இருக்காதபடி ஷாக் அப்சார்பர் எண்ணெயின் எதிர்ப்பால் அதை அடக்குகிறது. லோயர் ஆர்ம் சக்கரத்தை அதன் பாதையில் பிடித்துவைக்கிறது. ஏர்ல் மெக்பெர்சன் 1940களில் வகுத்த ஸ்ட்ரட் முறையில் வில்லும் ஷாக்கும் ஒரே தூணாகச் சேர்ந்து, அந்தத் தூணே ஸ்டீயரிங்கோடு திரும்பவும் செய்கிறது. இன்று ஏராளமான கார்களின் முன்பக்கத்தில் இருப்பது இதுவே. இவை எல்லாம் ஒன்றோடொன்றும் வண்டியின் உடலோடும் சேரும் இடங்களில் ரப்பர் புஷ்களும், கிண்ணத்துக்குள் பந்து திரும்புவதுபோல் இயங்கும் பால் ஜாயிண்டுகளும் உள்ளன. சத்தம் பிறப்பது பெரும்பாலும் இந்தச் சேருமிடங்களில்தான்.

இந்தச் சந்தேகப் பட்டியலின் தலையில் வைக்க வேண்டியது ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராட். இடச்சக்கரத்தையும் வலச்சக்கரத்தையும் குறுக்கே இணைக்கும் முறுக்குக் கம்பிதான் ஸ்டெபிலைசர் பார். வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய்வதைக் குறைப்பது அதன் வேலை. அதன் இரு முனைகளையும் சஸ்பென்ஷனோடு சேர்க்கும் சிறிய தண்டே லிங்க் ராட். அதன் சிறு பந்து மூட்டு தேய்ந்தால், குறைந்த வேகத்தில் கரடுமுரடான சாலையில் ‘டக்டக், டக்டக்’ என்ற வறண்ட தட்டல் கேட்கும். இதைக் கண்டறிய ஓர் அழகான வழி உண்டு. வேகத்தடை ஒன்றை நேராக, இரண்டு முன்சக்கரங்களும் ஒரே நேரத்தில் ஏறும்படி மெதுவாகக் கடந்து பாருங்கள். இரு பக்கமும் சமமாக உயரும்போது கம்பி முறுக்கப்படாமல் முழுதாகச் சுழல்கிறது, லிங்க் ராடில் சுமை ஏறுவதில்லை, தட்டல் எழாது. பிறகு அதே வேகத்தடையின் ஓரத்தில் ஒரு சக்கரம் மட்டும் ஏறும்படி கடந்தால் கம்பி முறுக்கப்பட்டு, தட்டல் திரும்பிவரும். நேராக ஏறும்போதும் சாய்வாக ஏறும்போதும் ஒரேமாதிரி தட்டினால் வேறிடத்தைப் பார்க்க வேண்டும்.

லிங்க் ராட் பல பணிமனைகளில் ஏன் தப்பித்துவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். வண்டியை லிஃப்டில் தூக்கியதும் சக்கரங்கள் கீழே தொங்குகின்றன. அந்நிலையில் லிங்க் ராட் இழுபட்டு விறைத்துக்கொள்வதால் கையால் அசைத்துப் பார்த்தாலும் தளர்வு தெரியாது. சக்கரங்கள் தரையில் அழுந்தி நிற்கும் நிலையில், குழியிலோ சாய்தளத்திலோ நிறுத்தி அசைத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். ‘தூக்கிப் பார்த்தேன், எல்லாம் கெட்டியாக இருக்கிறது’ என்று மெக்கானிக் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பார்த்த நிலைதான் தவறு.

ரப்பர் புஷ்களுக்கு இரண்டு குரல்கள் உண்டு. ரப்பர் காய்ந்து பரப்பில் உராயும்போது கிறீச்சிடும். கிழிந்து பிளந்துவிட்டால், பிரேக் அடிக்கும்போதோ முடுக்கும்போதோ ஆர்ம் முன்னும் பின்னும் நகர்ந்து ‘தொம்’ என்று மந்தமாக முட்டும். முதல் வகையைச் சோதிக்கத் தண்ணீரே போதும். வண்டியை ஒருவர் அழுத்தி ஆட்ட, மற்றொருவர் ஒவ்வொரு புஷ்ஷிலும் தனித்தனியாகத் தண்ணீர் தெளித்துவந்தால், எந்தப் புஷ் நனைந்ததும் கிறீச்சொலி நிற்கிறதோ அதுவே காரணம். தண்ணீர் காய்ந்ததும் சத்தம் திரும்பிவிடும். ஆனால் விடை கிடைத்துவிட்டது. இங்கே பலர் செய்யும் பிழை, கையில் கிடைத்த பெட்ரோலிய எண்ணெயையோ கிரீசையோ பூசிவிடுவது. இயற்கை ரப்பர் அதை உறிஞ்சி ஊதிப்போய் விரைவில் கெடும். பூசியே ஆக வேண்டுமென்றால் சிலிக்கான் வகைதான் பொருத்தம்.

புஷ் மாற்றும்போது கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் அடுத்த சத்தத்தைத் தடுக்கும். பெரும்பாலான புஷ்களில் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் பிணைக்கப்பட்டிருக்கிறது. அது சுழல்வதில்லை, முறுக்கிக்கொடுக்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டு வண்டியைத் தரையில் இறக்கினால், சாதாரணமாக நிற்கும்போதே ரப்பர் முறுக்கேறிய நிலையில் இருக்கும். சில மாதங்களில் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய உயரத்தில் வைத்துத்தான் கடைசி இறுக்கு விழ வேண்டும். புதிய புஷ் சீக்கிரமே போய்விட்டது என்றால், பொருளின் தரத்தைச் சந்தேகிக்கும் முன் இறுக்கிய முறையை விசாரிப்பது நல்லது.

ஸ்ட்ரட்டின் உச்சியில் இருக்கும் மவுண்டும் அதன் பேரிங்கும் வேறு விதமாகப் பேசும். நின்ற வண்டியில் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்பும்போது, பேரிங் இறுகிப்போயிருந்தால் சுருள்வில் தூணோடு சேர்ந்து சுழலாமல் முறுக்கிக்கொண்டு, ஒரு கட்டத்தில் ‘டொய்ங்’ என்று விடுபடும். ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, மற்றொருவர் வில்லின் மேல் விரல்நுனியை லேசாக வைத்திருந்தால் அந்தத் துள்ளல் கையிலேயே தெரியும். விரல் வில்லின் சுற்றுகளுக்கு இடையே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஷாக் அப்சார்பரைப் பற்றிச் சொல்லப்படுவதில் மிகையும் உண்டு. வண்டியின் மூலையை அழுத்திவிட்டு எத்தனை முறை துள்ளுகிறது என்று எண்ணும் சோதனை, அடியோடு செத்துப்போன ஷாக்கை மட்டுமே காட்டிக்கொடுக்கும். பாதி தேய்ந்ததைக் காட்டாது. உடலில் எண்ணெய் வழிந்த ஈரமும், டயரின் பரப்பில் சிறு சிறு குழிகளாக விட்டுவிட்டு விழும் தேய்மானமும் அதைவிட நம்பத்தக்க சாட்சிகள். ஷாக்கினுள் எண்ணெய் வால்வு வழியாகப் பாயும்போது எழும் மெல்லிய ‘ஸ்ஸ்’ ஒலி மட்டும் பழுதல்ல.

சஸ்பென்ஷன் போல நடிப்பவை

தட்டல் கேட்கும்போது பிரேக் பெடலை லேசாகத் தொட்டுப் பாருங்கள். உடனே நின்றுவிட்டால், சுழலும் டிஸ்க்கைப் பற்றிப் பிடிக்கும் காலிபருக்குள் தளர்ந்திருக்கும் பிரேக் பேடோ காலிபரின் வழுக்கு ஊசியோ காரணமாக இருக்கும். பெடலைத் தொட்டதும் பேட் டிஸ்க்கோடு அழுந்தி ஆட்டம் அடங்குகிறது. காசே செலவாகாத இந்தச் சோதனையைச் செய்யாமல் லோயர் ஆர்மை மாற்றியவர்கள் பலர்.

வேகத்தோடு ஏறும் ‘உர்ர்’ ஒலியில் வீல் பேரிங்கையும் டயரையும் பிரித்தறிவதுதான் சிக்கல். அனுபவசாலிகளும் இதில் இடறுவதுண்டு. வளைவில் திரும்பும்போது எடை வெளிப்பக்கச் சக்கரத்துக்கு மாறுகிறது. ஆகவே வலப்புறம் திரும்பும்போது உறுமல் கூடி இடப்புறம் திரும்பும்போது குறைந்தால், பொதுவாக இடப்பக்க பேரிங்கைச் சந்தேகிக்கலாம். சாலையின் பரப்பு மாறும்போது, எடுத்துக்காட்டாகக் கான்கிரீட்டிலிருந்து புதிய தாருக்கு இறங்கும்போது, ஒலியின் தன்மையே மாறினால் அது டயர். பேரிங்கின் உறுமலுக்குச் சாலை எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். இன்னும் ஐயம் இருந்தால் முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்கலாம். ஒலியும் இடம் மாறினால் டயர்தான் குற்றவாளி. முன்சக்கர இயக்கம் கொண்ட வண்டியில், ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக முடுக்கும்போது ‘டிக் டிக் டிக்’ என்று வேகத்தோடு விரைவது எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் இயக்கத் தண்டின் வெளிப்பக்க மூட்டான சி.வி. ஜாயிண்ட்.

சாலையின் இணைப்புப் பிளவுகளில் ஏறும்போது ‘டிங்’ என்று உள்ளீடற்ற ஒரு மணியோசை கேட்டு, நூற்றுக்கணக்கான ரூபாயோ டாலரோ செலவழித்தும் காரணம் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். டயருக்குள் இருக்கும் காற்று வளையமே 200 முதல் 250 ஹெர்ட்ஸ் அளவில் ஒத்ததிர்வதால் எழும் ஒலி அது. சில டயர்களின் உட்பக்கத்தில் பஞ்சுப் பட்டை ஒட்டப்பட்டு வருவது இதைக் குறைக்கத்தான். அது பழுதல்ல.

சகித்துக்கொள்ளக் கூடாதவை

சில சத்தங்களை ஒரு நாள்கூட ஒத்திப்போடக் கூடாது. டயர் மாற்றிய ஓரிரு நாளில் புதிதாகத் தொடங்கும் தட்டல், தளர்ந்த வீல் நட்டாக இருக்கலாம்; அந்த இடத்திலேயே நிறுத்திப் பார்க்க வேண்டும். தட்டலோடு ஸ்டீயரிங் தானாக அலைந்தால் பால் ஜாயிண்டோ, ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனையான டை ராட் எண்டோ தேய்ந்திருக்கக்கூடும். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடிந்துபோகும். பிரேக்கில் உலோகம் உலோகத்தை அரைக்கும் ‘நறநற’, ஒரு மூலை மட்டும் தாழ்ந்து நிற்பதோடு சேர்ந்த தட்டல் ஆகியவையும் இவ்வகை. பின்னது வில் முறிந்ததன் அறிகுறியாக இருக்கலாம். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங், பால் ஜாயிண்ட் ஆகியவற்றின் தளர்வும், இரு பக்கமும் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்டின் தளர்வும் தெரியும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் ஒருபோதும் நுழையக் கூடாது. தாங்கு முட்டுகள் இல்லாவிட்டால் இந்த வேலையைப் பணிமனைக்கு விட்டுவிடுங்கள்.

உள்ளறையின் முனகல்கள்

ஆபத்து எதுவுமில்லை, ஆனால் மனிதரைப் பித்துப்பிடிக்க வைப்பவை இவைதான். டேஷ்போர்டு, கதவுப் பலகை, தூண் உறை என்று உள்ளறை முழுவதும் பல்வேறு பிளாஸ்டிக்குகளால் ஆனது. அவை எஃகு உடலில் கிளிப்புகளால் மாட்டப்பட்டிருக்கின்றன. வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் ஒரு மீட்டர் எஃகு ஏறத்தாழ 0.36 மில்லிமீட்டர் நீளும். இங்கே பயன்படும் பிளாஸ்டிக்குகளில் பல அதே அளவு வெப்பத்தில் 1.5 முதல் 3 மில்லிமீட்டர்வரை நீளக்கூடும். இந்த வேறுபாட்டைக் கிளிப்புகள் தாங்கிக்கொள்ள வேண்டும். காலையில் குளிர்ந்த வண்டியில் முனகும் டேஷ்போர்டு மதியத்தில் வாய் மூடிக்கொள்வதும், சில வண்டிகளில் நேர்மாறாக நடப்பதும் இதனால்தான். வண்டியைக் காட்டப் பணிமனைக்குப் போனால் சத்தம் வராமல் மானத்தை வாங்குவதற்கும் பல நேரம் இதுவே காரணம். காலையில் கேட்கும் சத்தமென்றால் முந்தைய நாளே வண்டியை அங்கே விட்டுவிட வேண்டும்.

தேடலை வண்டியைக் காலி செய்வதிலிருந்து தொடங்குங்கள். கதவுப் பைகள், கையுறைப் பெட்டி, கண்ணாடி வைக்கும் அறை, டிக்கி, உபரிச் சக்கரம், ஜாக்கி, கருவிப்பை எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப வையுங்கள். என் வண்டியில் வாரக்கணக்கில் பின்பக்கம் ‘டிக் டிக்’ என்று கேட்ட சத்தத்துக்காகப் பின் ஷாக்கின் விலையைக்கூட விசாரித்துவிட்டேன். யாரும் உட்காராத பின் இருக்கையின் சீட்பெல்ட் நாக்கு தூணின் பிளாஸ்டிக்கைத் தட்டிக்கொண்டிருந்தது. ஆள் ஏறிய நாள்களில் சத்தம் வராததைக் கவனித்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும் விஷயம் அது.

காலி செய்தும் நிற்காவிட்டால், வேறொருவர் ஓட்ட, பயணி இருக்கையில் உட்கார்ந்து உள்ளங்கையால் ஒவ்வொரு பலகையாக அழுத்திப் பாருங்கள். எதை அழுத்தும்போது நிற்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் சத்தம் அந்தப் பலகையில்தான் பிறந்தது என்று முடிவுகட்ட வேண்டாம், அதன் பின்னால் கம்பி இணைப்பு ஒன்று தளர்ந்து அதைத் தட்டிக்கொண்டிருக்கவும் கூடும். இரண்டு பரப்புகள் உராயுமிடத்தில் மெல்லிய கம்பளித் துணி நாடாவை ஒட்டுவது நிலையான தீர்வு. கம்பிக் கற்றைகளைச் சுற்ற உற்பத்தியாளர்களே பயன்படுத்தும் துணி நாடாவும் நன்று. காகிதத்தை மடித்துச் செருகுவது சோதனைக்கு மட்டும் சரி. ரப்பர் விளிம்புகள் கதவுச் சட்டத்தில் உராய்ந்து முனகினால், துடைத்துவிட்டு மெல்லிய சிலிக்கான் பூச்சு கொடுத்தாலே பல நேரம் அடங்கிவிடும்.

காற்றிரைச்சலுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. அதன் ஆற்றல் வேகத்தின் ஏறத்தாழ ஆறாம் அடுக்கோடு கூடுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் கேட்காத ஊளை 120இல் 18 டெசிபெல் உயர்ந்து ஒலிக்கும். கதவிடுக்குகளின் மேல் வெளியிலிருந்து ஒட்டுநாடாவை ஒவ்வொரு பகுதியாக ஒட்டி ஓட்டிப் பார்த்தால் கசியும் இடம் தெரியும். கதவை மூடும்போது இடையே ஒரு காகிதத் துண்டை வைத்து இழுத்துப் பார்த்தாலும் தெரியும். எங்கே வழுவழுவென்று எதிர்ப்பின்றி வருகிறதோ அங்கே ரப்பர் அழுந்தவில்லை.

மிச்சத்தோடு வாழ்வது

ஒரு சத்தத்தைப் போக்கியதும் இன்னொன்று கேட்கத் தொடங்குவது வண்டி கெட்டுக்கொண்டே போவதன் அறிகுறி அல்ல. பெரிய ஒலி சிறிய ஒலியை மறைக்கிறது. பெரியது போனதும் சிறியது வெளிப்படுகிறது. மின்சாரக் கார் வாங்கியவர்கள், பழைய வண்டியில் இல்லாத சஸ்பென்ஷன் சத்தங்களைப் பற்றி முறையிடுவதற்கும் இதுவே காரணம்: அவற்றை மூடியிருந்த எஞ்சின் இரைச்சல் இப்போது இல்லை. டெசிபெல் கணக்கும் இதில் கைவிரிக்கிறது. சம வலிமையுள்ள இரண்டு இரைச்சல்களில் ஒன்றை முழுதாக நீக்கினாலும் மொத்தம் 3 டெசிபெல்தான் குறையும். அது காதுக்கு அரிதாகவே தெரியும். ஆகவே பெரிய இரைச்சலை விட்டுவிட்டுச் சிறியதில் பணம் செலவழிப்பது வீண்.

இதை மனத்தில் வைத்தே ஒலித்தடுப்புப் பொருள்களை வாங்க வேண்டும். தகட்டின் மேல் ஒட்டும் கனத்த பியூட்டைல் தாள் ஒலியைத் தடுக்கும் சுவர் அல்ல. தகட்டின் நடுக்கத்தை அடக்கும் பாரம் மட்டுமே. கதவுத் தகட்டின் நடுவில் கால்பங்கு பரப்பில் ஒட்டினாலே பெரும்பயன் கிடைத்துவிடும். முழுதும் ஒட்டுவது வண்டிக்கு எடையையும் கடைக்காரருக்கு விற்பனையையும் கூட்டும். தேய்ந்த லிங்க் ராடின் தட்டலுக்கு இந்தத் தாள் எந்தப் பதிலும் சொல்லாது. சாலை இரைச்சலே பெரும் தொல்லை என்றால், அடுத்த முறை டயர் மாற்றும்போது அமைதியான வகையைத் தேர்ந்தெடுப்பதும், காற்றழுத்தத்தைக் கதவுச் சட்டத்தில் அச்சிட்ட அளவுக்கு மேல் ஏற்றாமலிருப்பதும் அதைவிடப் பலன் தரும். சில நாடுகளில் டயரோடு வரும் தரச்சீட்டின் டெசிபெல் எண் வண்டிக்கு வெளியே கேட்கும் ஒலியைக் குறிப்பது. உள்ளே எவ்வளவு கேட்கும் என்பதை அது சொல்வதில்லை.

காலையில் வண்டி நகரத் தொடங்கியதும் ஒரு முறை கேட்கும் ‘டொக்’ பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு தன்னைச் சோதித்துக்கொள்வது. நிறுத்திய பின் சைலன்சர் பக்கம் ‘டிக் டிக்’ என்பது சூடான உலோகம் சுருங்குவது. பாதி நிரம்பிய டேங்கில் பிரேக் அடித்தவுடன் பின்னால் கேட்கும் சளசளப்பு எரிபொருள் அலைவது. இவற்றைப் பழகிக்கொள்ளலாம்.

மற்றவற்றுக்குப் பணிமனைக்குப் போகும்போது ‘முன்னால் ஏதோ சத்தம்’ என்று சொல்வதைவிட, இப்படி ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள்: ‘மணிக்கு 20 முதல் 30 கிலோமீட்டரில், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது டக்டக் என்று தட்டுகிறது; வேகத்தடையில் நேராக ஏறினால் இல்லை; பிரேக்கைத் தொட்டாலும் நிற்பதில்லை; காலை, மதியம் வித்தியாசமில்லை.’ இதைப் படித்த மெக்கானிக் வண்டியைத் தூக்கும் முன்பே லிங்க் ராடைத் தொட்டுப் பார்ப்பார். இயன்றால் அவரையே ஓட்டச் சொல்லிவிட்டு, சத்தம் வரும் சாலையைக் காட்டியபடி நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.